புதிதாய் வந்தவன் தோளில் எத்தனை பேர் ஏறுவது?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"பரிசு வாங்குற பிள்ளைங்களைப் பாராட்டி நாலு வார்த்தை பேசுங்க" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். பாராட்டுகிறேன். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த நாலு வார்த்தையோடு, இன்று பரிசு எதுவும் வாங்காத ஒரு குழுவைப் பற்றியும் பேச அவரிடம் அனுமதி கேட்டேன். அதுதான் நம் பள்ளியின் கூடைப்பந்துக் குழு.

நமக்குக் கூடை புதிதல்ல. 1929ஆம் ஆண்டு வாக்கில் இந்த மலையில் தேயிலை போட ஆரம்பித்த காலத்திலிருந்து நம் பாட்டிமார் முதுகில் கூடை இருந்தது. ஆனால் கம்பத்தின் உச்சியில் கட்டித் தொங்கும் கூடை நமக்குப் புதிது. போன ஆண்டு பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கடைக்காரர்கள் சிலரும் சேர்ந்து திடலோரத்தில் ஒரு வளையம் நட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து மணி அடித்தால் பிள்ளைகள் வீட்டுக்குப் போவதில்லை. மூடுபனி இறங்கி வளையம் கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் பந்து தரையில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் ஆண்டின் நடுவில் ஒரு மாணவன் நம் பள்ளிக்கு மாற்றலாகி வந்தான். கீழே பட்டணத்தில் படித்தவன். அங்கே சீனப் பிள்ளைகளோடு சேர்ந்து கூடைப்பந்து ஆடிப் பழகியவன். வயதுக்கு மீறிய உயரம். முதல் நாளே பந்தை வாங்கினான், இரண்டு எட்டு வைத்தான், எழும்பிப் போட்டான், பந்து வளையத்தைத் தொடாமலே உள்ளே விழுந்தது. சுற்றி நின்ற பிள்ளைகள் "ஓ!" என்று கத்திய கத்தல் ஆயக்கொட்டகை வரை கேட்டதாம்.

அவனை நான் 'விங்' ஆட்டக்காரனாகப் போட்டேன். பெரியவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். கூடைப்பந்தில் ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்துகிறவர் ஒருவர். வளையத்தின் கீழே மலை போல நிற்கும் உயரமானவர் ஒருவர். இவர்களுக்கு நடுவே இரண்டு ஓரங்களிலும் ஓடி ஆடுகிறவர்களைத்தான் 'விங்' என்பார்கள். சிறகு என்று பொருள். எதிரணியின் கெட்டிக்கார ஆட்டக்காரனை மறிப்பதும் இவர்கள் வேலை, திரும்பி ஓடிப் புள்ளி எடுப்பதும் இவர்கள் வேலை. அதனால் ஒரு குழுவுக்குப் புதிதாக நல்ல விங் ஆட்டக்காரர் வந்துவிட்டால் போதும், ரசிகர்களுக்குத் தரையில் கால் நிற்காது.

நமக்கும் நிற்கவில்லை. கோயிலில் அதே பேச்சு. கடையில் அதே பேச்சு. "சார், இந்த வருசம் கிண்ணம் நமக்குத்தானே?" என்று வழியில் நிறுத்திக் கேட்டார்கள். ஒருவர் அவனுக்குச் சப்பாத்து வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் தினமும் முட்டை கொடுத்தனுப்பினார். அன்பு பொய்யில்லை, அன்பர்களே. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த அன்போடு ஒரு பாரமும் சேர்ந்து அந்தப் பையன் தோளில் ஏறிக்கொண்டிருந்தது. அதை நானும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் பயிற்சியில் அவன் கணுக்கால் பிசகியது. போட்டியன்று காலையில் வந்து, "சார், கால் கொஞ்சம் வலிக்குது" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஆட முடியுமா, முடியாதா?" என்று அவனையே கேட்டேன். அவன் திரும்பித் திடலோரத்தைப் பார்த்தான். இரண்டு வேனிலும் ஒரு லோரியிலும் வந்திறங்கிய நம் தோட்டமே அங்கே நின்றுகொண்டிருந்தது. "முடியும் சார்" என்றான். பத்துப் பதினோரு வயதுப் பிள்ளை அந்தக் கூட்டத்துக்கு முன்னால் வேறு என்ன பதில் சொல்லும்? கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டவன் நான்.

பிற்பாதியில் அவன் விழுந்தான். எழுந்தான், நொண்டினான், மறுபடி விழுந்தான். நாம் தோற்றோம். திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது: "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. உலகத்தில் பெரிய பெரிய குழுக்களெல்லாம் புதிதாக வந்த ஆட்டக்காரரை எப்படி நடத்துகிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நம் பகாங் மாநிலத்திலேயே பெரியவர்களுக்கு நினைவிருக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த ஃபண்டி அகமட் காற்பந்தில் பகாங் குழுவுக்கு ஆடியபோது, 1992ஆம் ஆண்டு லீக் பட்டமும் மலேசியக் கிண்ணமும் சேர்ந்து வந்தன. அதற்குப் பிறகு அந்தக் கிண்ணத்தை மீண்டும் தொட நாம் 2013 வரை, 21 ஆண்டுகள் காத்திருந்தோம். நட்சத்திரம் வரும், போகும். மற்ற நாட்களையும் ஒரு குழு வாழ்ந்தாக வேண்டும் அல்லவா?

ஆனால் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தது கூடைப்பந்துக் குழு ஒன்றின் கதைதான். கனடா நாட்டில் டொரோண்டோ என்று ஒரு நகரம். 1983 கலவரத்துக்குப் பிறகு இலங்கையை விட்டுப் போன தமிழர்கள் ஏராளமாக வாழும் ஊர். அங்கே ஸ்கார்பரோ பகுதியில் நடந்தால் தமிழ்க் கடைப் பலகைகளை நிறையப் பார்க்கலாம். அந்தத் தமிழ்ப் பிள்ளைகள் உட்பட நகரமே உயிரை விடும் குழு டொரோண்டோ ரேப்டர்ஸ். 1995இல் தொடங்கிய அந்தக் குழு இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒருமுறைகூட வாகை சூடவில்லை. 2016, 2017, 2018 என்று வரிசையாக மூன்று ஆண்டுகள் கிளீவ்லண்ட் குழுவிடமே தோற்று வெளியேறியது.

2018ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ரேப்டர்ஸ் ஒரு பெரிய காரியம் செய்தது. சான் அன்டோனியோ குழுவிலிருந்து கவாய் லெனர்ட் என்ற விங் ஆட்டக்காரரை வாங்கியது. 2014ஆம் ஆண்டு இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அவர். 2015லும் 2016லும் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதும் பெற்றவர். அதிகம் பேசாதவர். ஆனால் தொடைத் தசையில் ஏற்பட்ட காயத்தால் அதற்கு முந்தைய பருவத்தில் ஒன்பதே ஆட்டங்கள்தான் ஆடியிருந்தார்.

அவருக்கு மாற்றாக யாரைக் கொடுத்தார்கள்? ஒன்பது பருவங்கள் டொரோண்டோவுக்காகவே ஓடி ஆடிய டிமார் டிரோசனை. "இது என் ஊர்" என்று நம்பியிருந்தவர் மனம் நொந்து போனார். அதை மறைக்கவும் இல்லை. ரசிகர்களும் கலங்கினார்கள். ஒரு பக்கம் பழையவரை இழந்த துக்கம், இன்னொரு பக்கம் "புதியவர் கிண்ணம் கொண்டு வருவாரா? கால் தாங்குமா? ஒரு வருடத்தில் போய்விடுவாரா?" என்ற சந்தேகம். இத்தனையும் வாய் திறந்து பேசாத ஓர் ஆளின் தோளில்.

குழுவின் நிர்வாகமும் பயிற்சியாளரும் என்ன செய்தார்கள்? இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வழக்கமான பருவத்தில் 82 ஆட்டங்கள் உண்டு. அவற்றில் 60இல் மட்டுமே லெனர்டை ஆட விட்டார்கள். 22 ஆட்டங்களில் அவர் இறங்கவில்லை. பெரும்பாலும் காலுக்கு ஓய்வு கொடுப்பதற்காகவே உட்கார வைத்தார்கள். "காசு கொடுத்து டிக்கெட் வாங்கி வந்தோமே!" என்ற முணுமுணுப்பு எழாமல் இல்லை. ஆனாலும் அவர்கள் அசையவில்லை. இதில் இன்னொரு விசயம். அவர் ஆடாத அந்த 22 ஆட்டங்களில் மற்றவர்களே ஆடி 17இல் வென்றார்கள். அப்படியானால் அந்தக் குழுவுக்குத் தனியாக நிற்கவும் கால் இருந்தது என்றுதானே அர்த்தம்?

தோட்டத்துப் பெரியோர்களே, இது உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடமா? புதிதாக நட்ட தேயிலைக் கன்றில் முதல் வருடமே கூடை நிறையக் கொழுந்து எடுக்கிறீர்களா? இல்லையே. செடி படரட்டும், வேர் பிடிக்கட்டும் என்று காத்திருக்கிறீர்கள். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறீர்கள். வெட்டிய மறுநாளே போய், "கொழுந்து எங்கே?" என்று செடியைத் திட்டுகிறவர் உண்டா? செடிக்குக் காட்டும் பொறுமையை நாம் பிள்ளைக்குக் காட்டவில்லை. மயிலிறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு என்னவாகும் என்று வள்ளுவர் சொன்னதை வகுப்பில் நடத்துகிற நானே அதை மறந்தேன்.

கதையை முடிக்கிறேன். 2019 மே 12ஆம் நாள், பிலடெல்பியா குழுவோடு ஏழாவது ஆட்டம். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரு பக்கமும் 90 புள்ளி. சில விநாடிகளே மிச்சம். லெனர்ட் ஓரமாக ஓடி, மூலையிலிருந்து பந்தை எறிந்தார். மணி அடித்துவிட்டது. பந்து வளையத்தில் பட்டு எழும்பியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு முறை பட்டுத் தட்டி, பிறகு உள்ளே விழுந்தது. 92க்கு 90. அந்த ஆட்டத்தில் அவர் மட்டும் எடுத்தது 41 புள்ளி. பருவம் முழுவதும் பொத்திப் பாதுகாத்த கால் அன்று தாங்கியது.

பிறகு இறுதிச் சுற்று. எதிரே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். ஜூன் 10ஆம் நாள் டொரோண்டோவில் நடந்த ஐந்தாவது ஆட்டத்தில், காயத்திலிருந்து திரும்பி வந்த எதிரணி நட்சத்திரம் கெவின் டுரான்ட் குதிகால் நரம்பு அறுந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அரங்கத்தில் இருந்த ரசிகர்களில் சிலர் கைதட்டி ஆரவாரம் செய்தார்கள். வெற்றி வெறி மனிதனை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்! ஆனால் உடனே ரேப்டர்ஸ் ஆட்டக்காரர்களே கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்து, "வேண்டாம், நிறுத்துங்கள்" என்று அடக்கினார்கள். கூட்டமும் தன் தவற்றை உணர்ந்து, அவர் வெளியேறும்போது மரியாதையாகக் கைதட்டியது. ரசிகர்களுக்கு ஆட்டக்காரர்கள் பாடம் நடத்திய நாள் அது.

ஜூன் 13ஆம் நாள் ஆறாவது ஆட்டம். ரேப்டர்ஸ் 114, வாரியர்ஸ் 110. கனடா நாட்டுக் குழு ஒன்று அந்தப் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் லெனர்ட்தான். ஆனால் அந்தக் கடைசி ஆட்டத்தின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். லெனர்ட் 22 புள்ளி. பல ஆண்டுகளாக அங்கேயே இருந்த கைல் லவ்ரி 26. ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டிலிருந்து வந்த பாஸ்கல் சியாக்கம் 26. எந்தக் குழுவும் தேர்ந்தெடுக்காமல் விட்ட ஃபிரெட் வேன்விலீட் 22. அவர் அதில் 12 புள்ளியைக் கடைசிக் கால் பகுதியில் மட்டும் எடுத்தார். புதியவர் ஒருவரால் வந்த பட்டம் என்று உலகம் பேசியது. ஊர் கூடித் தேர் இழுத்தது என்று கணக்கு பேசுகிறது.

மூன்றே வாரத்தில் லெனர்ட் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸ் குழுவுக்குப் போக முடிவு செய்தார். அங்கேயும் இதே எதிர்பார்ப்பு காத்திருந்தது. 2021இல் முழங்கால் தசைநார் காயம். அடுத்த பருவம் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. ஆனால் டொரோண்டோ மக்கள் அவரை நன்றி கெட்டவர் என்று ஏசிவிட்டு நின்றுவிடவில்லை. 2019 டிசம்பர் 11ஆம் நாள் எதிரணி ஆளாக அவர் திரும்பி வந்தபோது, எழுந்து நின்று கைதட்டி, வாகையர் மோதிரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

அதே மோதிரம் ஒரு ரசிகருக்கும் கிடைத்தது. நவ் பாட்டியா என்ற சீக்கியப் பெரியவர். 1984இல் இந்தியாவிலிருந்து குடியேறி, கார் வியாபாரத்தில் முன்னுக்கு வந்தவர். 1995இல் குழு தொடங்கிய நாளிலிருந்து சொந்த அரங்கில் நடந்த ஆட்டங்களுக்கெல்லாம் போய் உட்கார்ந்தவர். குழு தோற்றுத் தோற்று வந்த காலத்திலும் அதே இருக்கையில் அதே மனிதர். நல்ல ஆட்டக்காரர் வந்த வருடம் மட்டும் வருகிறவன் விருந்தாளி. தோற்கிற வருடமும் வருகிறவன்தான் வீட்டுக்காரன்.

இப்போது நம் வீட்டுக்குத் திரும்புவோம். போட்டி முடிந்த மறுவாரம் அந்தப் பையன் பயிற்சிக்கு வரவில்லை. அவன் வீட்டுக்குப் போனேன். அவன் தாயார் தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பள்ளிக்கூடத்தை மாத்திடு அம்மாங்கறான் சார். தோத்ததுக்காக இல்ல. கால் வலிக்காகவும் இல்ல. முன்ன மாதிரி யாரும் தன்கிட்ட பேச மாட்டேங்கறாங்களாம்."

அன்பர்களே, கன்னத்தில் அறைந்தது போலிருந்தது எனக்கு. நம் தாத்தா பாட்டிகள் இந்த நாட்டுக்குப் புதிதாக வந்திறங்கியபோது, குளிர் பழகுவதற்கு முன்னாலேயே முதுகில் கூடையைக் கட்டி, "எத்தனை ராத்தல்?" என்று கேட்டார்கள் என்று கதை கதையாகச் சொல்கிறோம். எடை குறைந்த நாளில் முகம் கொடுத்துப் பேசாதவர்களை இன்றும் குறை சொல்கிறோம். அதே நாம்தான், புதிதாக வந்த ஒரு பிள்ளையை அதே தராசில் வைத்து நிறுத்தோம்.

இன்னொரு பிள்ளையையும் நான் மறந்தேன். புதியவன் வருவதற்கு முன் அதே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தவன். ஒருநாள் பலகையில் ஐந்து பெயர் எழுதினேன். அவன் பெயர் இல்லை. ஏன் என்று ஒரு வார்த்தை அவனிடம் சொல்லவில்லை. அவன் மற்றவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்கிக்கொண்டு நின்றான். அன்று விங் ஆட்டக்காரன் நொண்டியபோது, அந்த இடத்தின் நெளிவு சுளிவெல்லாம் தெரிந்த பிள்ளை என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த இரண்டு பிள்ளைகளும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். இதைப் பேசட்டுமா என்று அவர்களிடமும் அவர்கள் பெற்றோரிடமும் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். தம்பிகளா, தவறு உங்களுடையது அல்ல, உங்கள் ஆசிரியருடையது. இந்தச் சபை முன்னிலையில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு மூன்று வாக்குறுதி தருகிறேன். ஒன்று, குழுவில் பெயர் கொடுத்த எல்லாப் பிள்ளைகளும் ஒவ்வோர் ஆட்டத்திலும் இறங்குவார்கள். இரண்டு, வலிக்கிறது என்று சொன்ன பிள்ளையை "ஆட முடியுமா?" என்று கேட்கமாட்டேன். உட்கார வைப்பது என் பொறுப்பு. உங்களுக்குக் கோபம் வந்தால் என்னைத் திட்டுங்கள், பிள்ளையைத் திட்டாதீர்கள். மூன்று, ஒருவன் இடத்தில் இன்னொருவனைப் போட்டால், முதலில் அவனை அழைத்துக் காரணம் சொல்வேன்.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. போட்டியன்று மட்டும் வேன் பிடித்து வராதீர்கள். சாதாரண நாளில், வேலை முடிந்து போகிற வழியில், பத்து நிமிடம் திடலோரம் நின்றுவிட்டுப் போங்கள். பந்து உள்ளே விழாத நாளிலும் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

இது பந்தோடு முடிகிற விசயமும் அல்ல. யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021இல் எடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வீடு மூத்த பிள்ளை தோளில் குடும்பத்தின் கடன், தங்கையின் படிப்பு, அப்பாவின் நிறைவேறாத ஆசை எல்லாவற்றையும் ஏற்றி வைக்கும் பழக்கத்தை யாரும் எடுக்கவில்லை. எதிர்பார்ப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதிர்பார்ப்பே இல்லாத பிள்ளை கவனிப்பாரற்ற செடி. ஆனால் எதிர்பார்க்கிறவன் பக்கத்தில் நின்று பாரத்தில் ஒரு கை கொடுக்க வேண்டும்.

அந்தப் பையன் பள்ளி மாறவில்லை. போன வெள்ளிக்கிழமை மாலை திடலில் பந்து தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். பனிக்குள் இரண்டு உருவம் தெரிந்தது. ஒருவன் எறிகிறான், ஒருவன் எடுத்துக் கொடுக்கிறான். பிறகு இவன் எறிகிறான், அவன் எடுத்துக் கொடுக்கிறான். யார் புதியவன், யார் பழையவன் என்று தூரத்திலிருந்து எனக்கு அடையாளம் தெரியவில்லை.